பழைய என்900-ல் வேறு லினக்ஸ்: மேமோ லெஸ்டேவா, போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ்ஸா?

கட்டபெட்டு_கொழுந்து | சனி, இரவு 8.10

அனைவருக்கும் வணக்கம். அண்ணன் பெங்களூரில் வேலையில் இருந்தபோது வாங்கிய நோக்கியா என்900 ஒன்று வீட்டில் கிடக்கிறது. கீபோர்டைத் தள்ளித் திறக்கும் அந்த மாடல்தான். நேற்று பீரோவிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அதோடு வந்த நோக்கியாவின் லினக்ஸ் அமைப்பான மேமோ 5 எழுந்து வருகிறது, எல்லா விசைகளும் வேலை செய்கின்றன, திரையில் கீறல் மட்டும். பிரவுசரில் ஒரு தளமும் திறக்கவில்லை, எதைத் தொட்டாலும் சான்றிதழ் பிழை. பேட்டரி லேசாகப் புடைத்திருக்கிறது.

எனக்கு இது போனாக வேண்டாம். எங்களுக்குக் கொஞ்சம் தேயிலை இருக்கிறது. எந்தத் தேதியில் எந்தக் காட்டில் பறித்தோம், எத்தனை கிலோ, இலை வண்டிக்காரர் ஈரத்துக்கென்று எவ்வளவு கழித்தார், ஆள் கூலி என்ன என்று எல்லாவற்றையும் அம்மா ஒரு நோட்டில் எழுதி வைப்பார். ஐப்பசி மழையில் நோட்டு நனைந்து பக்கம் ஒட்டிக்கொள்கிறது. இந்தக் கருவியில், தமிழிலேயே, அதை எழுதி வைக்க முடிந்தால் போதும்.

மேமோ லெஸ்டே, போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ் என்ற இரண்டு லினக்ஸ் அமைப்புகளும் இதில் ஓடும் என்று படித்தேன். எதைப் போடலாம்? உள்ளே இருக்கும் மேமோவை அழிக்கத்தான் வேண்டுமா? வீட்டுக் கணினியில் உபுண்டு இருக்கிறது, டெர்மினல் என்றால் பயமில்லை.

சும்மா_பார்வையாளன் | சனி, இரவு 8.31

256 எம்பி ராம், 600 மெகாஹெர்ட்ஸ் செயலி. 2009-ல் வந்த சாதனம். 4ஜி கிடையாது. இதில் இவ்வளவு மெனக்கெடுவதற்கு மலிவான ஒரு ஆண்ட்ராய்ட் போன் வாங்கி அம்மாவிடம் கொடுத்தால், வாயால் சொன்னாலே தமிழில் எழுதிவிடும். பழைய பொருள் மேல் பாசம் வேறு, வேலை வேறு.

பழைய_கம்பி | சனி, இரவு 9.02

குன்னூரிலிருந்து எழுதுகிறேன். என்னிடமும் ஒரு என்900 இருக்கிறது, தினமும் கையில் எடுக்கிறேன்.

பார்வையாளன் சொல்வதில் பாதி சரி. இதை இன்றைய போன் மாதிரி ஆக்கப் பார்த்தால் ஏமாற்றம்தான். ஆனால் கொழுந்து கேட்பது அது இல்லையே. எழுத ஒரு கீபோர்டு, சேமிக்க ஒரு கோப்பு, கழற்றி மாற்றக்கூடிய பேட்டரி. அதற்கு இது தாராளம். அப்புறம் இன்னொன்று: இதன் திரை அழுத்தம் பார்த்து வேலை செய்யும் வகை. நகத்தால் தொடலாம், கையுறையோடு தொடலாம், விரல் ஈரமாக இருந்தாலும் கோபித்துக்கொள்ளாது. மழையில் இலை எடை போடும் இடத்தில் புதுப் போன்களை வைத்துக்கொண்டு பட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இனி கேள்விக்கு. உள்ளே இருக்கும் மேமோவை அழிக்காதீர்கள். அது கருவிக்குள்ளேயே பதித்த 256 எம்பி நாண்ட் நினைவகத்தில் இருக்கிறது. நோக்கியாவின் தளத்தில் முன்பு கிடைத்த மூல ஃபர்ம்வேர் இன்று அங்கே கிடையாது. சமூகத்தார் வைத்திருக்கும் நகல்களை நம்பித்தான் திரும்பப் போட வேண்டும். புது அமைப்பு முழுவதும் மைக்ரோ எஸ்டி கார்டில் இருக்கட்டும். கார்டைக் கழற்றினால் பழைய என்900, போட்டால் புது என்900.

இடையில் ஒரு தொடக்க நிரல் வேண்டும், அது யு-பூட். அதைக்கூட முதலில் சாதனத்தில் எழுத வேண்டியதில்லை. உபுண்டுவில் '0எக்ஸ்எஃப்எஃப்எஃப்எஃப்' என்று ஒரு கட்டற்ற கருவி களஞ்சியத்திலேயே கிடைக்கும். என்900-ஐ அணைத்துவிட்டு, கீபோர்டில் யு விசையை அழுத்திப் பிடித்தபடி யுஎஸ்பி கேபிளைச் செருகுங்கள். நோக்கியா பெயரும் மேல் மூலையில் சின்ன யுஎஸ்பி சின்னமும் தெரியும். அந்த நிலையில் யு-பூட்டை ராமுக்கு மட்டும் அனுப்பி ஓடவிடலாம். பேட்டரியைக் கழற்றினால் எல்லாம் பழையபடி. பிடித்திருந்தால் அப்புறம் நிரந்தரமாகப் போட்டுக்கொள்ளலாம். அப்படிப் போட்ட பின், கீபோர்டு திறந்திருந்தால் தேர்வுப் பட்டியல் வரும்.

சாலிடர்_சித்தன் | சனி, இரவு 9.40

மேட்டுப்பாளையத்தில் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். மென்பொருள் பேசுவதற்கு முன் கொஞ்சம் இரும்பு பேசுவோம்.

தம்பி, புடைத்த பேட்டரியை இன்றே கழற்றுங்கள். அழுத்தாதீர்கள், ஊசியால் குத்திக் காற்றை இறக்கப் பார்க்காதீர்கள் (அப்படிச் செய்துவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்). இதற்குரியது பிஎல்-5ஜே. நோக்கியா 5800, 5230, லூமியா 520 எல்லாவற்றுக்கும் அதே பேட்டரிதான், அதனால் இன்னும் கிடைக்கிறது. அசல் கொள்ளளவு 1320 எம்ஏஎச். உறையில் 2500, 3000 என்று அச்சடித்திருந்தால் அந்தப் பேட்டரியைத் தொடாதீர்கள். அந்த அளவு டப்பாவுக்குள் அவ்வளவு அடங்காது.

அடுத்து யுஎஸ்பி வாய். என்900-க்குப் பேர்போன நோய் அதுதான். அந்த மைக்ரோ யுஎஸ்பி சாக்கெட் போர்டின் மேற்பரப்பில் ஒட்டிய சாலிடரை மட்டும் நம்பி நிற்கிறது. கேபிளை மேலும் கீழும் ஆட்டினால் ஒரு நாள் தடத்தோடு பெயர்ந்து வந்துவிடும். இப்போது நன்றாக இருந்தால், போர்டைக் கழற்றி சாக்கெட்டின் இரு பக்கமும் எபாக்சி வைத்துவிடுவது நல்லது. ஓட்டைக்குள் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தினசரி சார்ஜுக்கு, பேட்டரியைத் தனியாகக் கழற்றி மாட்டும் கிளிப் சார்ஜர் ஒன்று வாங்கிவிடுங்கள். கூட ஒரு பேட்டரியும். சாக்கெட்டின் ஆயுள் அங்கேயே கூடிவிடும்.

தலைகுந்தா_பனி | ஞாயிறு, காலை 6.55

கோத்தகிரிப் பக்கம் எங்கள் அளவுக்குக் குளிர் இல்லை என்றாலும் சொல்லி வைக்கிறேன். மார்கழி, தை மாதங்களில் விடிகாலை புல் வெள்ளையாக இருக்கும் நேரத்தில் பழைய லித்தியம் பேட்டரிகள் பாதி சார்ஜ் காட்டிக்கொண்டே திடீரென்று அணைந்துவிடும். சார்ஜ் தீர்ந்ததல்ல. குளிரில் உள்மின்தடை ஏறி, வைஃபை போன்ற ஏதாவது கொஞ்சம் அதிகம் இழுத்தவுடன் வோல்டேஜ் விழுகிறது. சட்டைப் பைக்குள் வைத்திருந்து எடுத்தால் சரியாகிவிடும். சுழியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் மட்டும் போடவே கூடாது, செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படியும், அந்தச் சேதம் திரும்பாது.

பார்வையாளனுக்கு ஒரு வார்த்தை. ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தொரையில் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி 1970-லிருந்து நிற்கிறது. உள்ளே இருக்கும் மின்னணுச் சாமான்களைக் காலத்துக்கேற்ப மாற்றிக்கொண்டு இன்றும் வேலை வாங்குகிறார்கள். சட்டகம் நன்றாக இருந்தால் உள்ளே இருப்பதை மாற்றலாம், அவ்வளவுதான் விஷயம்.

சும்மா_பார்வையாளன் | ஞாயிறு, காலை 9.15

தொலைநோக்கிக்குப் பொறியாளர் படையே இருக்கிறது. கொழுந்து வீட்டில் கொழுந்து மட்டும்தான். நாளை ஏதாவது கெட்டால் அம்மாவின் கணக்கு போச்சு. அதற்கு என்ன பதில்?

பழைய_கம்பி | ஞாயிறு, காலை 10.05

நியாயமான கேள்வி. கணக்கு வெறும் எழுத்துக் கோப்பாக இருந்தால் பதில் சுலபம். வாரம் ஒருமுறை கேபிளோ வைஃபையோ போட்டு வீட்டுக் கணினிக்கு நகல் எடுத்துவிட வேண்டும். கருவி போனாலும் கோப்பு இருக்கும். எந்தச் செயலியும் இல்லாமல் பத்து வருடம் கழித்தும் திறக்கும்.

இரண்டில் எது என்பதற்கு வருகிறேன். போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ் ஆல்பைன் லினக்ஸ் மேல் கட்டியது, 2017-ல் தொடங்கிய திட்டம். இலேசானது. ராம் மிச்சம் இருக்கும். கேபிள் போட்டு 172.16.42.1 என்ற முகவரியில் எஸ்எஸ்எச் வழியாக, அதாவது வீட்டுக் கணினியின் டெர்மினலிலிருந்தே, உள்ளே போய்விடலாம் (மாற்றாமல் விட்டால் கடவுச்சொல் 147147, முதல் வேலையாக மாற்றுங்கள்). லெஸ்டே வேறு சாதி. டெபியன் லினக்ஸிலிருந்து, சிஸ்டம்டி என்ற சேவை மேலாண்மை நிரல் வேண்டாம் என்று பிரிந்த டெவுவானை அடியில் வைத்து, மேலே மேமோவின் பழைய ஹில்டன் முகப்பையே திரும்பக் கட்டியிருக்கிறார்கள். உங்கள் அண்ணன் பார்த்தால் பழைய என்900 என்றே நினைப்பார். டெபியன் உலகத்தின் பொதிகள் ஏறக்குறைய எல்லாம் கிடைக்கும். விலை என்னவென்றால் வேகம். முதல் தடவை எழுந்து வர ஒரு டீ குடித்து வரலாம்.

எனக்குப் பிடித்தது போஸ்ட்மார்க்கெட். ஆனால் தமிழில் எழுத வேண்டும் என்கிறீர்கள், அங்கேதான் முடிவு மாறலாம்.

கட்டபெட்டு_கொழுந்து | அடுத்த ஞாயிறு, மாலை 4.20

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

புது பிஎல்-5ஜே இரண்டும் கிளிப் சார்ஜரும் கோவையிலிருந்து வந்தன. இரண்டு கார்டில் இரண்டு அமைப்பையும் எழுதினேன், 16 ஜிபி கார்டுகள். யு-பூட்டை ராமுக்கு அனுப்பும் வழி கம்பி அண்ணா சொன்னபடியே வேலை செய்தது.

போஸ்ட்மார்க்கெட் மளமளவென்று வந்தது. ஐ3 சாளர மேலாளர், மவுஸ் தேவையே இல்லை. டெர்மினலில் நானோ என்ற உரைத்திருத்தியைத் திறந்து, வீட்டுக் கணினியில் தமிழில் எழுதிய கோப்பைப் பார்த்தேன். 'கொழுந்து' என்ற சொல்லில் ஒற்றைக் கொம்பு ஒரு பக்கம், க நடுவில், கால் தள்ளி இன்னொரு கட்டத்தில். ழு-வில் உகரம் கழன்று தனியாக நிற்கிறது. எழுத்துரு நோட்டோ தமிழ்தான், போட்டிருக்கிறேன்.

இன்னொரு சிக்கல், இந்தக் கீபோர்டில் எஸ்கேப் விசையே இல்லை. டேப் விசையும் இல்லை. எஸ்கேப் இல்லாமல் நகராத விஐ உரைத்திருத்தி பழகியவன் நான், தவிக்கிறேன்.

தொண்ணூத்தொன்பது | அடுத்த ஞாயிறு, மாலை 5.03

எழுத்துரு குற்றமில்லை. டெர்மினல் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கட்டம் என்று எண்ணுகிறது. தமிழில் 'கொ' கணினிக்கு இரண்டு குறியீடு, கண்ணுக்கு மூன்று துண்டு, நமக்கு ஓர் எழுத்து. கட்டத்துக்குள் அடைக்கப் பார்த்தால் இப்படித்தான் சிதறும். எம்எல்டெர்ம் என்ற டெர்மினல் இந்திய எழுத்துகளை ஓரளவு ஒழுங்காகக் காட்டும். ஆனால் அம்மா பயன்படுத்தப்போகிறார் என்றால் டெர்மினலை விட்டுவிடுங்கள். மவுஸ்பேட் மாதிரி ஒரு சாதாரண உரைத்திருத்தி போதும். அது பேங்கோ என்ற எழுத்தமைப்பு நூலகம் வழியாக எழுத்தைக் கோக்கிறது, அங்கே கொம்பும் காலும் இடத்தில் இருக்கும்.

காட்டுவது ஒரு பாதி. தட்டுவது இன்னொரு பாதி, அதுதான் கஷ்டமான பாதி. என்ன தட்டச்சு முறை?

கட்டபெட்டு_கொழுந்து | அடுத்த ஞாயிறு, மாலை 5.20

தமிழ்99 தான். அம்மாவுக்கு ஆங்கிலக் கீபோர்டு தெரியாது, அதனால் ஒலிபெயர்ப்பு முறை உதவாது. விசைமேல் தமிழ் எழுத்து ஒட்டிக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் ச எங்கே, ய எங்கே என்று தேடினால் விசையே இல்லை!

தொண்ணூத்தொன்பது | அடுத்த ஞாயிறு, இரவு 7.48

ஆமாம், அதுதான் நான் எதிர்பார்த்த குழி. தமிழ்99-ல் ச, ஞ இரண்டும் சதுர அடைப்புக்குறி விசைகளில். ந அரைப்புள்ளியில், ய மேற்கோள் குறியில், ழ சாய்கோட்டில். முழுக் கீபோர்டில் இவை வலது கை சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் இருக்கும். என்900-ல் இருப்பது மூன்றே வரிசை. அந்தக் குறிகளுக்குத் தனி விசை இல்லை. ஸ்பேஸ்கூட நடுவில் இல்லாமல் வலப்பக்கம் ஒதுங்கிவிட்டது. ஆக ஐந்து மெய்கள் வீடில்லாமல் நிற்கின்றன. அதிலும் ச, ந, ய இல்லாமல் ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள்!

வழி இருக்கிறது. டெவுவானில் எம்17என் என்ற பன்மொழித் தட்டச்சு நூலகம் கிடைக்கும், அதனால் லெஸ்டே பக்கம் வந்துவிடுங்கள். எம்17என்-இன் தமிழ்99 விதிகள் எல்லாம் சாதாரண உரைக் கோப்பு ஒன்றில் இருக்கின்றன. அதை உங்கள் இல்ல (ஹோம்) அடைவில் நகல் எடுத்து, வேறு பெயர் கொடுத்து, வேண்டியபடி திருத்தலாம். தானாகப் புள்ளி வைக்கும் வசதி போன்றவை அப்படியே இருக்கும்.

என் யோசனை: முதலில் மேல் வரிசையில் ஃபங்ஷன் விசையைத் தொடாதீர்கள், எண்கள் அங்கேதான். கிலோ எழுத எண் வேண்டும். ஷிப்டில் மேல் வரிசை இடப்பக்கம் ஸ, ஷ, ஜ, ஹ இருக்கின்றன, அவையும் இருக்கட்டும். கீழ் இரண்டு வரிசையின் ஷிப்டில் நமக்கு வேண்டிய எழுத்து எதுவும் இல்லை. க-வின் ஷிப்டில் ச, த-வின் ஷிப்டில் ந, ர-வின் ஷிப்டில் ய, ல-வின் ஷிப்டில் ழ, ங-வின் ஷிப்டில் ஞ. ஒலியில் பக்கத்துப் பக்கத்து எழுத்துகள், அதனால் நினைவில் நிற்கும்.

கூடலூரான் | அடுத்த ஞாயிறு, இரவு 8.30

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ச, ந இரண்டுக்கும் ஒவ்வொரு தடவையும் ஷிப்ட் என்றால் கட்டைவிரல் கழன்றுவிடும். ஔ-வுக்கு எதற்கு ஒரு முழு விசை? ஔவையாரும் ஔஷதமும் தவிர யார் எழுதுகிறார்கள்? அந்த இடத்தை ச-வுக்குக் கொடுங்கள், ஔ ஷிப்டுக்குப் போகட்டும்.

எங்கள் பக்கம் ஆனி, ஆடியில் விடாத மழை. பேட்டரித் தொடுமுனைகளில் பச்சை பிடிக்கும். ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் மாதம் ஒருமுறை துடைத்து, வைக்கும் டப்பாவில் இரண்டு சிலிகா ஜெல் பை போட்டுவையுங்கள்.

தொண்ணூத்தொன்பது | அடுத்த ஞாயிறு, இரவு 8.52

ஏற்றுக்கொள்கிறேன். அதே கணக்கில் ங-வையும் தள்ளலாம். அந்த விசை ந-வுக்கு. ஆனால் ங்க வருகிற சொற்கள் அதிகம், 'எங்கே', 'பங்கு', 'வாங்கினோம்' என்று. ஷிப்டில் இருந்தாலும் வேண்டியபோது எட்டும். ந அதைவிட அதிகம் வரும் என்பது என் கணிப்பு. அப்படி மாற்றினால் ஞ-வை ண-வின் ஷிப்டுக்கு நகர்த்திவிடுங்கள், அங்கேயும் வேண்டிய எழுத்து எதுவும் இல்லை.

பழைய_கம்பி | அடுத்த ஞாயிறு, இரவு 9.10

எஸ்கேப் விஷயம்: விஐ-யில் கண்ட்ரோலும் சி-யும் சேர்த்து அழுத்தினால் செருகும் நிலையிலிருந்து வெளியே வரும். பெரும்பாலும் எஸ்கேப்பின் வேலையைச் செய்துவிடும். மேமோவின் பழைய டெர்மினலில் திரையின் அடியில் டேப், எஸ்கேப் பொத்தான்கள் இருந்ததற்குக் காரணமே இந்தக் குறைதான்.

லெஸ்டேயில் ஒன்றைக் கவனியுங்கள். ஹில்டனுக்கு என்று தனி உள்ளீட்டு முறை இருக்கிறது, அது ஜிடிகே என்ற சாளர நூலகத்தில் எழுதிய செயலிகளையெல்லாம் பிடித்துக்கொள்ளும். மொத்த அமைப்பையும் மாற்றாமல், உரைத்திருத்தியை மட்டும் வேறு உள்ளீட்டு முறையோடு தொடங்கும்படி இரண்டு வரி ஷெல் நிரல் எழுதி, அதற்கு ஒரு சின்னம் வைத்துவிடுங்கள். அம்மா அந்தச் சின்னத்தைத் தொட்டால் போதும்.

கட்டபெட்டு_கொழுந்து | புதன், இரவு 10.15

லெஸ்டே நிலைத்துவிட்டது. யு-பூட்டையும் நிரந்தரமாகப் போட்டுவிட்டேன்.

விசையமைப்பு கூடலூரான் அண்ணாவும் தொண்ணூத்தொன்பதும் சொன்னபடி: ஔ இடத்தில் ச, ங இடத்தில் ந. ய, ழ, ஞ ஷிப்டில். விசைமேல் எழுத வெள்ளை ஸ்டிக்கரைப் பொடியாக வெட்டி, மெல்லிய பேனாவால் எழுதி, மேலே நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு பூச்சு கொடுத்தேன். ஒரு விசைக்கு இரண்டு எழுத்து அடங்கவில்லை, ஷிப்ட் எழுத்துகளை சிவப்பில் விசைக்கு மேல் விளிம்பில் எழுத வேண்டியதாயிற்று. அம்மா முதலில் கண்ணாடியைத் தேடினார். அப்புறம் 'மேல்காடு, 43, ஈரம் 2' என்று தானே அடித்தார். 'ய' எங்கே என்று மட்டும் இன்னும் என்னைக் கேட்கிறார்.

கோப்பில் ஒரு நாளுக்கு ஒரு வரி, நடுவில் கமா. மாதக் கடைசியில் காடு வாரியாகவும், ஈரக் கழிவைத் தனியாகவும் கூட்டித்தரும் சின்ன நிரல் ஒன்று எழுதினேன். இலை வண்டிக்காரரின் சீட்டோடு வைத்துப் பார்க்க வசதி.

ஒரு சந்தேகம். மேமோவில் எழுந்து பின் மூடியைக் கழற்றினால் கார்டு காணாமல் போகிறது. லெஸ்டேயில் அப்படி இல்லை. கார்டில் கோளாறா?

பழைய_கம்பி | புதன், இரவு 10.40

கார்டு நன்றாகத்தான் இருக்கிறது. பின் மூடியில் ஒரு சிறு காந்தம் உண்டு. போர்டில் உள்ள உணரி அதைப் பார்த்து மூடி திறந்ததா மூடியதா என்று சொல்லும். மூடி திறந்தால் கார்டைக் கழற்றப்போகிறார்கள் என்று மேமோ எடுத்துக்கொண்டு அதை விலக்கிவிடும். லினக்ஸின் பொதுவான மூலக் கர்னலிலும் (மெயின்லைன்) முன்பு அப்படித்தான் இருந்தது, பிறகு மூடியைச் சாதாரண ஒரு சுவிட்சாக மட்டும் காட்டும்படி மாற்றிவிட்டார்கள். ஆனால் லெஸ்டே முழுதும் கார்டில்தானே ஓடுகிறது, மூடி திறந்திருக்கும்போது கார்டில் கை வைக்காதீர்கள். அப்புறம் காந்தம் வைத்த போன் உறை எதிலும் இதைப் போடாதீர்கள், உணரி குழம்பும்.

பேட்டரி அளவி ஆரம்பத்தில் தப்பாகக் காட்டும். ஒருமுறை கருவிக்குள்ளேயே வைத்து முழுதாக ஏற்றி, இடையில் சார்ஜ் போடாமல் முழுதாகத் தீரவிட்டால் கணக்குக்கு வரும். கிளிப் சார்ஜரில் மட்டும் ஏற்றிக்கொண்டிருந்தால் அது எப்போதும் ஊகம்தான்.

சும்மா_பார்வையாளன் | வியாழன், காலை 8.05

சரி, அம்மா எழுதிவிட்டார் என்றால் நான் வாதாடவில்லை. ஆனால் வாராந்தர நகல் எடுப்பதை உங்கள் நினைவை நம்பி விடாதீர்கள். வீட்டு வைஃபையில் சேர்ந்தவுடன் ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் நிரல் தானாக ஓடும்படி வைத்துவிடுங்கள்.

கட்டபெட்டு_கொழுந்து | வியாழன், இரவு 7.30

வைத்துவிட்டேன் சார். திருத்திய தமிழ்99 கோப்பையும் கூட்டல் நிரலையும் இந்தப் பதிவோடு இணைத்திருக்கிறேன், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

கூடலூரான் | வியாழன், இரவு 8.12

எடுத்துக்கொண்டேன். என்னிடம் என்810 ஒன்று இருக்கிறது. இதே லெஸ்டே கார்டைப் போட்டால் ஓடுமா?

பழைய_கம்பி | வியாழன், இரவு 8.20

ஓடாது. அது 2007-ன் சாதனம், ஓமேப் 2420 செயலி, ராம் 128 எம்பி. என்900-க்கு எழுதிய படிமத்தை அது திரும்பிக்கூடப் பார்க்காது. தனி இழை தொடங்குங்கள். எந்த மேமோ பதிப்பு இருக்கிறது, பேட்டரி நிலை என்ன என்று முதல் பதிவிலேயே எழுதிவிடுங்கள்.